2017 நவம்பர் மழையும் பினாங்குத் தீவின் நீர்ச்சுழற்சியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2017ஆம் ஆண்டு நவம்பர் 4, சனிக்கிழமை பிற்பகலில் மலேசியாவின் பினாங்கில் பிடித்த மழை, இரவெல்லாம் பலத்த காற்றோடு பெய்து, மறுநாள் காலையில்தான் தணிந்தது. தீவில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. இங்கு ஒன்றரை மாதத்தில் பெய்யக்கூடிய மழை ஒரே நாளில் இறங்கியது என்று அதைக் கொள்ளலாம். மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனின் தாழ்வான பகுதிகளில் நீர் ஆளுயரத்துக்கு ஏறியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. தீவின் நடுவிலுள்ள கொடிமலையின் (பினாங்கு ஹில்) பாதையில் பல இடங்களில் மண் சரிந்தது. மாநிலத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். ஞாயிறு அதிகாலையில் மாநில அரசு இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியதாயிற்று. மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையும் அண்டை மாநிலமான கெடாவின் தென்பகுதி ஊர்கள் பலவும் இதே மழையில் மூழ்கின.

இந்நிகழ்வு பெரும்பாலும் பேரிடராகவே பேசப்பட்டு வந்துள்ளது. மீட்புப் பணி, நிவாரணம், மேம்பாட்டுத் திட்டங்களின் மீதான விமர்சனம் ஆகியவை அந்தப் பேச்சில் இடம்பெற்றன. அது தேவையான பேச்சும்கூட. இக்கட்டுரை அதே நிகழ்வை நீர்ச்சுழற்சியின் ஒரு சுற்றாக எடுத்துக்கொண்டு, அந்நீர் எங்கிருந்து வந்தது, தரையில் எவ்வாறு பிரிந்தது, எந்த உயிர்களுக்குக் கிடைத்தது, எவற்றுக்குக் கிடைக்காமல் போனது என்று பார்க்கிறது. தமிழ்ப்பள்ளியில் நாமெல்லாம் வரைந்த நீர்ச்சுழற்சிப் படத்தில் கடல், மேகம், மலை, ஆறு என நான்கு இடங்களையும் அம்புக்குறிகள் சம அளவில் இணைக்கும். ஒவ்வோர் அம்புக்குறியையும் கடக்க நீருக்கு எவ்வளவு காலம் ஆகிறது என்பதை அந்தப் படம் காட்டுவதில்லை. பினாங்கைப் பொறுத்தவரை சிக்கல் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மி.மீ. மழை பெறும் தீவு இது. இங்கே குறைவாக இருப்பது பெய்த நீர் நிலத்தில் தங்கும் காலமே.

நீர் வந்த வழி

முதலில் வானத்திலிருந்து தொடங்கலாம். வெப்பமண்டலத்தில், மிகவும் ஈரமான ஒரு நாளில்கூட, தரை முதல் வான் வரை ஒரு செங்குத்துப் பத்தியில் இருக்கும் நீராவி முழுவதையும் பிழிந்து இறக்கினால் 60 அல்லது 70 மி.மீ. நீர்தான் தேறும். அப்படியானால் 300 மி.மீ. பெய்ய வேண்டுமென்றால், தலைக்கு மேலிருந்த நீராவி நான்கைந்து முறை தீர்ந்து, ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்திலிருந்து புதிய ஈரக்காற்று வந்து அவ்விடத்தை நிரப்பியிருக்க வேண்டும். பெருமழையை உள்ளூர் மேகம் ஒன்றின் செயலாகக் கருதுவது எவ்வளவு போதாதது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மி.மீ. நீர் ஆவியாகிறது. பினாங்கில் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டரில் விழுந்த நீரை அதே பரப்புள்ள கடல் தனியாக ஆவியாக்கித் தருவதாயிருந்தால் எழுபத்தைந்து நாள் பிடித்திருக்கும். ஆவியான நீர் வளிமண்டலத்தில் சராசரியாக ஒன்பது, பத்து நாள்தான் தங்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய மழை பரந்த கடற்பரப்பொன்றில் பல நாள்களாகச் சேர்ந்து, ஒரு சிறு நிலப்பரப்பின் மீது குவிக்கப்பட்ட நீர் என்பது தெளிவாகும்.

குவித்தது எது? அந்நாள்களில் மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியில் ஒரு வெப்பமண்டலத் தாழ்வழுத்தம் நிலவியது. வியட்நாமின் கரையைத் தம்ரே புயல் கடந்ததும் அதே நவம்பர் 4ஆம் தேதிதான். நிலநடுக்கோட்டின் வடக்கே தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும் என்பதால், அதற்குத் தெற்கே இருந்த பினாங்கின் மீது காற்று மேற்கிலிருந்து, வெதுவெதுப்பான அந்தமான் கடலையும் மலாக்கா நீரிணையின் வடவாயிலையும் தடவிக்கொண்டு வந்தது. அக்காற்றின் குறுக்கே 833 மீட்டர் உயரத்தில் தீவின் நடுமலைத் தொடர் நின்றது. மலையில் மோதி மேலேறிய காற்று குளிர்ந்தது, நீராவி நீர்த்துளியானது, அப்போது வெளிப்பட்ட உள்ளுறை வெப்பம் காற்றை மேலும் மேலே தள்ளியது. ஒரு கிலோ நீராவி நீராகும்போது ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. மழை வலுக்க வலுக்க, அடியில் ஈரக்காற்றை உறிஞ்சும் வேகமும் கூடியதற்கு இதுவே காரணம்.

‘ஐப்பசி மாதம் அடைமழை’ என்ற சொலவடை இங்கும் பொருந்திவிட்டது என்று அப்போது பலர் சொல்லிக்கொண்டனர். தேதி பொருந்தியது உண்மை, காற்று பொருந்தவில்லை. தமிழ்நாட்டின் ஐப்பசி மழை வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. பினாங்கிலோ செப்டம்பர், அக்டோபர் மாதங்களே பொதுவாக மழை மிகுந்தவை; வடகிழக்குப் பருவக்காற்று வலுப்பெற்ற பிறகு, தீபகற்பத்தின் நடுவே ஓடும் தித்திவங்சா மலைத்தொடர் அதன் மழையைக் கிழக்குக் கரையிலேயே பெரும்பாலும் இறக்கிவிடுவதால், நமக்கு வறட்சி தொடங்குகிறது. இந்த வேறுபாடு பின்னால் வரும் கணக்குக்கு முக்கியமானது.

தரையில் பிரிந்த விதம்

காட்டின் மீது விழும் மழையில் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி மீண்டும் ஆவியாகிவிடும். எஞ்சியது கிளைவழியும் தண்டுவழியும் இறங்கி, சருகுப்படுகையில் ஊறி, மண்ணுக்குள் போகும். பினாங்குத் தீவின் அடித்தளம் பெரும்பாலும் கருங்கல். அது காலப்போக்கில் சிதைந்து உண்டான ஆழமான மண்போர்வைதான் மலைச்சரிவுகளை மூடியிருக்கிறது. அந்தப் போர்வைக்குள் இறங்கிய நீர் மணல், களிமண் இடுக்குகளில் மெல்லக் கீழிறங்கி, மழை விட்டுப் பல வாரங்கள் கழிந்த பிறகும் ஓடையில் ஊற்றாகக் கசிந்துகொண்டிருக்கும். தண்ணீர்மலைக் கோயிலுக்கு அருகே இறங்கிவரும் அருவியின் ஓடை, மழையில்லாத நாள்களிலும் ஓடுவது இதனால்தான். ஜார்ஜ்டவுன் நகரம் தன் முதல் குடிநீரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அருவியிலிருந்துதான் கால்வாய் கட்டிக் கொண்டுவந்தது.

ஆனால் நவம்பர் 4க்கு முன்பே அந்த மண்போர்வை நிறைந்திருந்தது. செப்டம்பர் 15 அன்று தீவில் ஒரு பெருவெள்ளம் வந்துபோயிருந்தது. அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண்சரிந்து பதினொரு தொழிலாளர்கள் இறந்திருந்தனர். தீபாவளி முடிந்து மூன்று நாளே ஆகியிருந்த நேரம் அது. நிறைந்த மண்ணில் விழும் மழைக்கு உள்ளே போக இடமில்லை. அது சரிவின் மேலேயே ஓடும், அல்லது மண்ணின் எடையைக் கூட்டி, துகள்களுக்கு இடையிலுள்ள பிடிப்பைத் தளர்த்தி, சரிவையே இழுத்துக்கொண்டு இறங்கும். கொடிமலையில் நடந்தது இதுவே. காடு இருந்தும் மண் சரிந்ததே என்று கேட்போருக்கு, காடு மழைநீரைத் தாமதப்படுத்தும் அளவுக்கும் ஓர் எல்லை உண்டு என்றே பதில் சொல்ல வேண்டும். அன்று அந்த எல்லை கடக்கப்பட்டது.

நகரத்துக்குள் நிலைமை வேறு. கூரை, தார்ச்சாலை, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றின் மீது விழும் நீர் மண்ணைத் தொடுவதே இல்லை. சில நிமிடங்களில் கால்வாயை அடைந்துவிடுகிறது. தீவின் முதன்மை ஆறான சுங்கை பினாங்கு, ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன், ஜெலுத்தோங் முதலிய கிளைகளைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீரை வடிக்கிறது. அதில் 300 மி.மீ. பெய்தால் 1,500 கோடி லிட்டர் நீர் சேரும். மலையுச்சியிலிருந்து கடல் வரையுள்ள தொலைவோ நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டர் அளவுதான். சரிவு முடிந்து நகரத்துக்குள் நுழைந்ததும் ஆறு ஏறக்குறைய சமதளத்தில், கடல் ஏற்றத்துக்கு உட்பட்டு ஓடுகிறது. அன்று ஐப்பசிப் பௌர்ணமி. உச்ச ஏற்றத்தில் இருந்த கடல் ஆற்றுவாயை அடைத்துக்கொள்ள, மேலிருந்து இறங்கிய நீர் பக்கவாட்டில்தான் இடம் தேடியாக வேண்டும். ஜாலான் பி. ரம்லி, டத்தோ கிராமாட் சுற்றுவட்டாரக் குடியிருப்புகள் அந்த இடமாயின.

இங்கே இன்னொரு கணக்கையும் வைக்கத் தோன்றுகிறது. தீவின் பரப்பு ஏறத்தாழ 295 சதுர கிலோமீட்டர். அது முழுவதும் சராசரியாக 300 மி.மீ. பெய்ததாக வைத்துக்கொண்டால், விழுந்த நீர் 8,800 கோடி லிட்டருக்கு மேல். பெருநிலத்தில் விரிவாக்கப்பட்ட மெங்குவாங் அணைக்கட்டின் முழுக் கொள்ளளவே சுமார் 8,600 கோடி லிட்டர்தான். 1962இல் கட்டப்பட்ட ஆயர் ஈத்தாம் அணையில் கொள்வது 200 கோடி லிட்டருக்குச் சற்று மேல். எட்டு சதுர கிலோமீட்டரில் பெய்த அன்றைய மழை அதை நிரப்பப் போதும். மழை எல்லா இடத்திலும் ஒரே அளவில் பெய்யாது என்பதால் இவை தோராயமான எண்களே. ஆனாலும் அளவின் தன்மை விளங்கும்: மாநிலத்தின் மிகப்பெரிய அணையை நிரப்பக்கூடிய நீர் தீவில் விழுந்து, பெரும்பகுதி ஓரிரு நாளில் கடலுக்குப் போயிற்று. சம்பளம் வாங்கிய அன்றே செலவழித்துவிட்டு மாதக் கடைசியில் கடன் கேட்கும் குடும்பத்தின் வரவுசெலவு இது.

உயிர்களின் பங்கு

உயிரினங்களுக்கு நீர் வேண்டும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. எந்த வடிவில், எந்த வேகத்தில், எந்த மாதத்தில் வேண்டும் என்பதுதான் கேள்வி.

காட்டு மரத்துக்கு வேண்டியது மண்ணில் பிடித்துவைக்கப்பட்ட ஈரம். தாழ்நில மழைக்காடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மி.மீ. நீரை ஆவியாதலாலும் இலைவழி நீராவிப்போக்காலும் வானுக்குத் திருப்பி அனுப்புகிறது. வேர் உறிஞ்சிய நீர் தாதுச்சத்துகளை இலைக்குக் கொண்டுசென்று, இலையைக் குளிர்வித்து, ஆவியாகிப் போகும் இந்த வேலை நின்றால் ஒளிச்சேர்க்கையும் நிற்கும். ஆகவே ஒரே நாளில் கொட்டிய 300 மி.மீ.யைக் காட்டிலும், அறுபது நாளுக்குப் பரவலாகப் பெய்யும் 300 மி.மீ. மரத்துக்கு மிக அதிகமாகப் பயன்படும். கொடிமலையின் உச்சியில் வளரும் பாசிகளும் ஆர்க்கிட் செடிகளும் பெருமழையைவிட, அன்றாடம் படியும் மலைமூட்டத்தையே நம்பியிருக்கின்றன. ஓடைகளில் வாழும் தவளைக்கும் நண்டுக்கும் தேவை கோடையிலும் வற்றாத ஊற்று. வெள்ளம் அவற்றின் முட்டைகளை அடித்துச் சென்றுவிடும். 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது, கரையோரக் கடற்பகுதியும் அதில் சேர்க்கப்பட்டது. மலையின் ஓடையும் கடலின் உவர்ப்பும் ஒரே அமைப்பின் இரு முனைகள் என்பதால் அது சரியான முடிவு.

அந்த இரு முனைகளும் கண்ணுக்குத் தெரியும்படி சந்திக்கும் இடம் ஒன்று தேசியப் பூங்காவின் கெராச்சுட் கடற்கரையில் உள்ளது. அங்குள்ள குளத்தில் மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் கலவாமல் அடுக்குகளாக நிற்கின்றன; ஆண்டு முழுவதும் நிறைந்திராமல் பருவத்துக்கேற்பப் பெருகியும் சுருங்கியும் வரும் குளம் அது. ஓடையிலிருந்து வரும் நன்னீரின் வரத்தே அதன் மேலடுக்கின் உயிர்.

கடலோரத்தில் மிகுந்த நன்னீரும் கேடாகலாம். சேற்றுப்படுகையில் வளரும் கெராங் சிப்பிகளுக்கு ஓரளவு உவர்ப்பு கட்டாயம் வேண்டும். பெருமழைக்குப் பின் ஆற்றுவாய்களில் உவர்ப்பு சட்டெனக் குறைந்து பல நாள் நீடித்தால் சிப்பிகள் ஓட்டை மூடிக்கொண்டு காத்திருந்து, பிறகு இறக்கின்றன. வெள்ளத்தோடு வரும் வண்டல் படுகையை மூடிவிடுவது இன்னொரு தொல்லை.

வறட்சிக்கும் இச்சுழற்சியில் ஓர் இடம் உண்டு என்பதை பாலிக் பூலாவ் டுரியான் தோட்டக்காரர்கள் நன்கறிவார்கள். டுரியான் மரம் பூக்க, சில வாரங்கள் மழையில்லாமல் இருக்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் வரும் அந்த உலர்ந்த இடைவெளி தவறினால் நடுவாண்டுப் பருவத்தில் காய்ப்பு குறையும். பூத்த பிறகு, காய் திரள மண்ணில் ஈரம் வேண்டும். எனவே நல்ல நீர்ச்சுழற்சி என்பது எப்போதும் மழை என்று பொருள்படாது. மேலே வறண்டிருக்கும்போதும் கீழே மண்ணில் மிச்சம் இருப்பதுதான் முக்கியம்.

தைப்பூச மாதத்தில் அதே தீவு

ஜனவரியும் பிப்ரவரியும் பினாங்கின் வறண்ட மாதங்கள். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை செல்லும் சாலையின் இருமருங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நிறைவது பக்திக்காக மட்டுமன்று, வெயிலுக்காகவும்தான். மழை நாளில் ஊரையே மூழ்கடித்த தீவு, அடுத்த சில மாதங்களில் தன் ஓடைகளை நம்பி வாழ முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. ஆயர் ஈத்தாம் அணையின் நீர்மட்டம் இறங்கி, மேகத்தில் உப்புத்தூவி மழை வரவழைக்கும் முயற்சி பற்றிய பேச்சு எழுவது வறண்ட ஆண்டுகளில் வழக்கமாகிவிட்டது. 1999இல் முடிக்கப்பட்ட தெலுக் பஹாங் அணை அதனினும் மிகப் பெரியது என்றாலும், தீவின் இரு அணைகளும் சேர்ந்தாலும் மாநிலத்தின் தேவையைத் தாங்கா.

தாங்குவது தீவுக்கு வெளியே உள்ள நீர். பினாங்கின் கச்சா நீரில் (சுத்திகரிக்கப்படாத நீரில்) ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. லஹார் தியாங்கில் ஆற்றிலிருந்து திருப்பப்படும் நீர், கால்வாய் வழியே சுங்கை டுவா சுத்திகரிப்பு ஆலைக்கு வந்து, அங்கிருந்து கடலடிக் குழாய்களில் தீவுக்குச் செல்கிறது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த ஆலையின் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகச் சில நாள் விநியோகம் நிறுத்தப்பட்டபோது, பல லட்சம் பயனீட்டாளர்களின் குழாய் ஒரே நேரத்தில் வற்றியது. பினாங்கு வீடுகளின் தனிநபர் நீர்ப் பயன்பாடு நாளுக்கு 270 லிட்டரைத் தாண்டி நாட்டிலேயே முன்வரிசையில் இருந்து வந்துள்ளதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூடா ஆறு தொடங்குவது கெடாவின் ஊலு மூடா காட்டில். அந்தக் காட்டின் நீரில் ஒரு பகுதி மூடா, பெடு அணைகள் வழியாகக் கெடா, பெர்லிஸ் நெல்வயல்களுக்குப் போகிறது. இன்னொரு பகுதி ஆற்றுவழியே பினாங்கின் குழாய்களுக்கு வருகிறது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் பசிபிக் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறியதால் (எல் நினோ) வந்த வறட்சியில் அங்குள்ள அணைகளின் நீர்மட்டம் வெகுவாக இறங்கியபோது வயலும் நகரமும் ஒருசேரக் கலங்கின. கச்சா நீருக்குப் பினாங்கு பணம் தர வேண்டும் என்று கெடா கேட்பதும், அது இயற்கையாக ஓடிவரும் ஆறு என்று பினாங்கு மறுப்பதும் நீண்ட காலத் தகராறு. யார் பக்கம் சட்டம் என்பது இந்த ஆய்வின் வேலையில்லை. மரம் வெட்டாமல் காட்டைக் காப்பதால் ஒரு மாநிலத்துக்கு வருமானம் குறைகிறது, இன்னொன்றுக்கு நீர் கிடைக்கிறது என்ற அளவில் கெடாவின் மனக்குறையில் பொருள் உண்டு என்பதை மட்டும் ஒரு பினாங்குக்காரனாக ஒப்புக்கொள்கிறேன்.

காடு பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு கூற்றை இவ்விடத்தில் திருத்துவது நல்லது. காட்டை அழித்தால் ஆற்றில் நீர் குறைந்துவிடும் என்பது முழு உண்மையன்று. பகாங்கின் சுங்கை தெக்காமில் காட்டை அழித்துப் பயிரிட்டு அளந்தபோது, ஓடை நீரின் ஆண்டு மொத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. வானுக்குத் திரும்பிப் போகும் பங்கு குறைவதால் இப்படி ஆகிறது. சேதம் வேறிடத்தில் ஏற்படுகிறது: மண் இறுகி, ஊறும் திறனை இழந்தால், கூடிய அந்த நீர் வெள்ளமாக ஓடிவிடும், மழையற்ற மாதங்களில் கசியும் ஊற்று மெலியும், வண்டல் அணையில் படியும். ஆண்டுக் கணக்கில் மிச்சமாகத் தெரிவது பிப்ரவரிக் கணக்கில் பற்றாக்குறையாகலாம். குடிநீர் எடுக்கும் ஊருக்கு ஆண்டுச் சராசரியால் பயனில்லை.

வடிகாலும் தேக்கமும்

2017க்குப் பின் அதிகம் பேசப்பட்ட தீர்வு சுங்கை பினாங்கு வெள்ளத் தடுப்புத் திட்டம். கூட்டரசு நிதியை எதிர்பார்த்துப் பல ஆண்டுகள் தேங்கியிருந்த அத்திட்டம், ஆற்றை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, நீரை விரைவாகக் கடலுக்கு அனுப்பும் நோக்கம் கொண்டது. தாழ்நிலத்தில் குடியிருப்போரின் உயிரைக் காக்க அது தேவை; அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆயினும் நீர்ச்சுழற்சியின் கணக்கில் அது நீர் தங்கும் காலத்தை இன்னும் சுருக்குகிறது. கடல் ஏற்றத்தின்போது எவ்வளவு அகலமான ஆறும் தானே வடியாது என்பதும் நவம்பர் 4 காட்டிய ஒன்றே. ஆற்றுவாயில் மதகும் நீரேற்றும் பொறியும் இல்லாமல் அகலம் மட்டும் போதாது.

மேலிருந்து தாமதப்படுத்தும் வழிகள் புதியவை அல்ல. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘மஸ்மா’ கையேடு 2001 முதல் நடப்பில் இருக்கிறது. பெய்யும் இடத்திலேயே நீரைச் சற்று நேரம் பிடித்துவைத்து, ஊறவிட்டு, பிறகு அளவாக வெளிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. புதிய வீடமைப்புப் பகுதிகளில் நீர்த்தேக்கக் குளங்கள் கட்டப்படுவது இதன்படிதான். ஆனால் ஜார்ஜ்டவுனின் பெரும்பகுதி 2001க்கு மிக முந்தியது. பழைய கூரைகளின் நீரும் பழைய தார்ச்சாலைகளின் நீரும் இன்றும் நேராகக் கால்வாய்க்கே போகின்றன. கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்திலும் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் பினாங்கின் விதி, மலையின் மண்போர்வையைக் காப்பதில் அணைக்கு நிகரான பங்கு வகிக்கக்கூடியது. விதிவிலக்கு ஒன்று தரப்படும்போதெல்லாம் அதன் பலம் அந்த அளவுக்குக் குறைகிறது.

மழையின் அளவை நாம் நன்றாகவே பதிவு செய்கிறோம். வெள்ளத்தின் மட்டமும் பதிவாகிறது. இந்த நிகழ்வின் மறுபாதியை மதிப்பிட, ஆயர் தெர்ஜுன், ஆயர் ஈத்தாம் ஓடைகளில் ஜனவரி முதல் மார்ச் வரை ஓடும் நீரின் அளவையும் ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மலையில் ஒரு சரிவு வெட்டப்பட்டதன் விளைவு, அடுத்த பெருமழைக்கு முன்பே, வறண்ட மாதத்து ஓடையின் எண்ணில் தெரிந்துவிடும்.